ரிம்மில் முடுக்கிய ஸ்க்ரூ

மார்டள்ளியிலிருந்து வெறுங்கையோடு மைசூர் வந்து, மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டே பஞ்சர் கடை போட்டு, வீடு கட்டி, மகளை டாக்டராக்கியவன் நான். டயரில் எனக்குத் தெரியாதது இல்லை என்றிருந்தேன்.

நேர் ரோட்டில் பாயும் டிராக் ரேஸ் பைக்கின் பஞ்சரான சக்கரத்தோடு ஒரு பெண் வந்தாள். மதியம் பந்தயம். ரிம் வழியாக டயருக்குள் ஸ்க்ரூக்கள் இறங்கியிருந்தன.

“எவனோ வேண்டாதவன் வேலைம்மா” என்று கழற்றி எறிந்தேன்.

“ஐயோ தாத்தா! அது இல்லேன்னா கிளம்புறப்ப ரிம் மட்டுந்தான் சுத்தும், டயர் அங்கியே நிக்கும்!”

ரிம் டயருக்குள்ளேயே வழுக்குமா? ஆச்சரியத்தோடு ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பார்த்தேன். ஒன்று மட்டும் நீளம்; ட்யூபைக் குத்தியது அதுதான். முனையை அராவி, ஒட்டுப் போட்டு, எல்லாவற்றையும் திரும்ப முடுக்கினேன்.

பந்தயத்தில் ஜெயித்துவிட்டாள். பேப்பரில் வந்த படத்தில் வண்டி முழுக்க ஆயில் கம்பெனிப் பெயர்கள். அம்மணி, அந்த ஸ்க்ரூவுக்குப் பக்கத்திலாவது என் கடைப் பெயரை ஒட்டிவிடு.