பேருந்து நிறுத்தம் வேண்டும்

மனு அக்காவுக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. மாநகராட்சி அலுவலகத்துக்கு எதிரே ஒரு கணினி, ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், கால் ஆடும் ஸ்டூல் ஒன்று, இவற்றோடு பத்தொன்பது வருஷமாக ஊராருக்கு மனு அடித்துக் கொடுக்கிறார். இதுவரை ஓர் எழுத்துப் பிழை வந்ததில்லை. "எங்க குழாய்ல ரெண்டு மாசமா காத்துதான் வருது" என்று ஒருவர் புலம்பினால், அது அக்காவின் விரலில் "குடிநீர் விநியோகம் தடைபட்டுள்ளமை குறித்து" என்று சட்டை மாட்டிக்கொண்டு வந்து நிற்கும். பேசுகிற மாதிரியே எழுதினால் எந்த அதிகாரியும் மதிக்க மாட்டான் என்பது அவருடைய கட்சி.

அக்காவின் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். ஒரு வருஷமாக அவருடைய வலது முழங்கால் மடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. பஸ் என்னவோ அவர்கள் வீட்டு வாசலை உரசிக்கொண்டுதான் போகும். ஆனால் நிற்காது. ஏறுவதற்கு ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆட்டோவிலோ காலை நீட்ட இடமில்லை. மனிதர் தினமும் நொண்டி நொண்டிப் போய்த் தாமதமாகச் சேர, கடை முதலாளி சொல்லிவிட்டார்: "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேங்க. அப்புறம் வேற ஆள்தான்." அதைக் கேட்டதிலிருந்து அக்காவுக்கு இதே யோசனைதான். லென்ஸ் கையில் இல்லாவிட்டால் அந்த மனிதர் வீட்டில் உட்கார்ந்தே உளுத்துப்போய்விடுவார்.

இந்தச் சமயத்தில்தான் மாநகராட்சி தண்டோரா போடாத குறையாக அறிவித்தது. நகரம் வளர்ந்துகொண்டே போகிறதாம், அடுத்த இருபத்தைந்து வருஷத்துக்குத் திட்டம் தீட்டப் போகிறார்களாம், குடிமக்கள் தங்கள் யோசனைகளை எழுதித் தர வேண்டுமாம். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. கேட்பானேன்! வியாழக்கிழமை காலையிலிருந்து அக்கா வீட்டுத் தெருவே திரண்டு வந்து, கடையில் கால் வைக்க இடமில்லை.

தெருக்கோடித் தையல்காரர் முதலில் வந்து, ஊருக்கு ஒரு கடல் வேண்டும் என்றார்.

"கடல் இல்லாத ஊர்ல எப்படிங்க கடல் வரும்?"

"அதான் இருபத்தஞ்சு வருஷம் டைம் இருக்கேம்மா!"

அதையும் அக்கா பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தார். மற்றவர்களுக்குச் சுத்தமாக ஒரு யோசனையும் இல்லை. யோசனை சொல்லச் சொல்கிறார்களே, சொல்லாவிட்டால் தப்பாகிவிடுமோ என்ற பயம் மட்டும் இருந்தது. "நீங்களே நல்லதா ஒண்ணு போடுங்கக்கா" என்றார்கள்.

அக்கா சும்மா விடுவாரா? "நம்ம தெருவுல பஸ் நிக்கணும்னு போடட்டுமா?"

"போடுங்க, போடுங்க."

'எங்கள் தெருவில் பேருந்து நிறுத்தம் வேண்டும்.' ஒரே வரி. ஜெராக்ஸ் இயந்திரம் கொதித்துக் கருகல் நாற்றம் அடிக்கும் வரை பிரதி எடுத்தார். நானூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். கடல் கேட்டவரும் எதற்கும் இருக்கட்டும் என்று இதிலும் ஒன்று போட்டுவைத்தார்.

பத்தாவது நாள் பஸ்ஸே வரவில்லை. விளக்குக் கம்பத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'பொதுமக்களின் ஏகோபித்த விருப்பத்திற்கு இணங்க இத்தெருவில் பேருந்து நிறுத்தப்படுகிறது.'

அக்கா தலைதெறிக்கத் திட்ட அதிகாரியிடம் ஓடினார்.

"சார், நாங்க கேட்டது பேருந்து நிறுத்தம்!"

"அதைத்தானேம்மா செஞ்சிருக்கோம். வேலை நிறுத்தம்னா வேலையை நிறுத்தறது. போர் நிறுத்தம்னா போரை நிறுத்தறது. அப்ப பேருந்து நிறுத்தம்னா?"

"பஸ் நிக்கற இடம் சார்!"

"அப்படின்னா வேலை நிறுத்தம்னா வேலை நிக்கற இடமா?"

அக்கா மேஜைமேல் கிடந்த தன் மனுவை எடுத்து மறுபடி படித்தார். "ஒண்ணு சொல்றேம்மா," என்று அதிகாரி பூரித்துப்போய்த் தொடர்ந்தார், "இருபத்தஞ்சு வருஷத் திட்டத்துல பத்தே நாள்ல நிறைவேறினது உங்க யோசனை ஒண்ணுதான்."

தான் அடித்த அந்த வரியில் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. அதுதான் அக்காவுக்கு வயிற்றெரிச்சல். பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, 'எங்கள் தெருவில் பேருந்து நிற்க வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தார். இதில் எவன் குற்றம் கண்டுபிடிக்கிறான் பார்ப்போம்!

மாதம் முடிய நான்கு நாள் இருந்தபோது, காலை எட்டு மணிக்கு, ஒரு பஸ் வந்து அக்கா வீட்டு வாசலில் நின்றது. வீட்டுக்காரர் சாப்பாட்டு டப்பாவோடு கம்பியைப் பிடித்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, காலை நிம்மதியாக நீட்டிக்கொண்டார். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐந்து நிமிஷம் போயிற்று. ஓட்டுநர் செய்தித்தாளை விரித்தார்.

"கிளம்பலையாங்க?"

"கிளம்பறதா? நிக்கச் சொல்லித்தாம்மா உத்தரவு." காகிதத்தை நீட்டினார். 'தினமும் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை பேருந்து இத்தெருவில் நிற்க வேண்டும்.'

அக்கா அப்படியே பஸ் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். ஓட்டுநர் பதறிப்போனார். "ஐயையோ, என்னம்மா ஆச்சு?"

"அவருக்கு முட்டி வலிங்க. அவ்வளவு தூரம் நடக்க முடியல. வேலைக்கு லேட்டாப் போனா தூக்கிடுவாங்க. அதுக்குத்தாங்க இத்தனையும்." எந்தச் சட்டையும் மாட்டாமல் வாய்க்கு வந்தபடியே சொன்னார்.

ஓட்டுநர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "எட்டு வருஷமா உங்க வாசல் வழியாத்தானேம்மா பஸ் ஓட்டினேன். ஒரு நாள் கையக் காட்டியிருந்தா நிறுத்தியிருப்பேனே!"

அக்காவுக்குக் கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து! உள்ளே வீட்டுக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று மெதுவாகக் கையை உயர்த்தினார்.

ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி எட்டேகால்தான் ஆகுது. நான் ஒன்பதுக்கு வந்து நின்னாப் போதும். அஞ்சுக்கு மேல போய் இவரைக் கூட்டிக்கிட்டும் வந்துடறேன்." வண்டியைக் கிளப்பினார். "நீங்களும் ஏறுங்கம்மா, உங்க கடை வாசல்ல விட்டுடறேன்."

"அங்க நிறுத்தம் கிடையாதுங்களே" என்று சொல்லிவிட்டு, அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு ஏறினார்.