ஆறாம் வகுப்புக்கு அம்மாக்களை அழைத்துப் போனவர்

கிருஷ்ணன்கோவிலில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். சாம்பார் முடிந்து ரசம் வருகிற நேரம். பரிமாறியவன் எங்கள் பள்ளியில் படித்தவன்தான். குனிந்து ரசத்தை ஊற்றிக்கொண்டே, "சார், விசயம் தெரியும்லா? ஞானசுந்தரி டீச்சர் காலையில தவறிட்டாவ. சாயந்தரம் எடுக்காவளாம்" என்றான்.

நான் எழுந்திருக்கவில்லை. ரசத்தையும் சாப்பிட்டேன், மோரையும் சாப்பிட்டேன். முதலில் எனக்கு வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. பதினைந்து வருஷத்துக்கு மேலாக என்னை ஒரு மாதிரியாகப் பார்த்த இரண்டு கண்கள் இனி இல்லை என்கிற நிம்மதி. கை கழுவப் போன இடத்தில்தான் அதற்காக வெட்கப்பட்டேன். இதைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் டீச்சரை அறிந்தவர்கள். அதனால் மழுப்பாமல் எழுதுகிறேன். மழுப்பினால் அவருக்குப் பிடிக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டம் போட்டார்கள். அதிர்ந்து பேசாதவர், எல்லோரையும் அனுசரித்துப் போனவர், யார் என்ன செய்தாலும் மன்னித்து மறந்தவர் என்று ஆளுக்கு ஆள் அடுக்கினார்கள். செத்தது வேறு யாரோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. ஞானசுந்தரி டீச்சர் அதிர்ந்துதான் பேசுவார். அனுசரித்துப் போகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அன்றைக்குப் படத்துக்கு மாலை போட்ட இரண்டு பேர், ஒரு காலத்தில் அவருக்கு 'மே மாசக் கிறுக்கு' என்று பட்டப்பெயர் வைத்தவர்கள். அதைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் உண்டு.

அந்த மே மாதக் கிறுக்கைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜபாளையத்தின் மேற்கே, அய்யனார் கோவிலுக்குப் போகிற ரோட்டில் எங்கள் தொடக்கப்பள்ளி இருந்தது. நான் நாலாம் வகுப்பு வாத்தியார், அவர் ஐந்தாம் வகுப்பு டீச்சர். இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து போவோம். பிள்ளைகள் எல்லாம் மில் வேலைக்காரர்கள் வீட்டிலிருந்தும், பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிறவர்கள் வீட்டிலிருந்தும் வருகிறவர்கள். ஐந்து முடித்தால் ஊருக்குள் இருக்கிற பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். ரயில்வே கேட் ஒன்று, மெயின் ரோடு ஒன்று, இரண்டையும் தாண்டி இரண்டு மைல். பொம்பளைப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த இரண்டு மைலில் நின்றுவிடுவார்கள். மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்ப் பரணில் போட்டுவிட்டு, பிள்ளையைத் தறியில் உட்கார வைத்துவிடுவார்கள்.

நாங்கள் எல்லோரும் பரீட்சை முடிந்ததும் ரிஜிஸ்டரைக் கட்டிவைத்துவிட்டு லீவுக்குப் போய்விடுவோம். டீச்சருக்கு அப்போதுதான் வேலை ஆரம்பிக்கும். குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். மத்தியானச் சங்கு ஊதி ஷிப்ட் மாறுகிற நேரம் பார்த்துப் போனால்தான் அப்பா, அம்மா இரண்டு பேரும் அகப்படுவார்கள். பிள்ளையிடம் அதிகம் பேச மாட்டார். பெற்றவர்களைத்தான் பிடிப்பார். "பெரிய ஸ்கூல்ல தோல உரிச்சிருவாங்கன்னு பயங்காட்டாதிய. தூக்குச்சட்டியத் தானாத் தொறந்து, செத்த நேரத்துல சாப்பிட்டு, தானாக் கழுவிவைக்கப் பழக்குங்க. எதுக்க வார லாரி நிக்கும்னு நம்பி ரோட்டத் தாண்டக் கூடாதுன்னு சொல்லுங்க. இங்க ஒரு டீச்சர், அங்க பாடத்துக்கு ஒராள் வருவாவ. வீட்டுக்கு வந்ததும் இன்னைக்கு யாரு யாரு வந்தாவன்னு கேளுங்க. படிச்சியான்னு கேக்காதிய." எழுதப் படிக்கத் தெரியாத தகப்பன்மார் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்கள்.

ஒரு தடவை என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். அந்த வீட்டுக்காரர் மில்லில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த எரிச்சலில் இருந்தார். "பொட்டப் பிள்ளைக்கு அஞ்சு காணாதாக்கும்?" என்றார். டீச்சர் அந்த அம்மா கொண்டுவந்த காப்பியை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். "காப்பி ஆறிப் போச்சே டீச்சர்" என்று அந்த அம்மா தவித்தாள். "ஆறட்டும். பிள்ளைய சேக்கேன்னு உங்க வீட்டுக்காரர் சொல்லட்டும், குடிக்கேன். இல்லன்னா நாளைக்கும் வாரேன்" என்றார். மறுநாள் மட்டுமல்ல, அதற்கு மறுநாளும் போனார். அந்தப் பெண் இப்போது சேத்தூர் பக்கம் நர்ஸாக இருக்கிறாள்.

எல்லோரும் சிரித்தது அவருடைய அம்மாக்கள் ஊர்வலத்தைப் பார்த்துத்தான். மே கடைசியில் ஒரு நாள், ஆறாம் வகுப்புக்குப் போகப்போகிற பெண்பிள்ளைகளின் அம்மாக்களைத் திரட்டிப் பெரிய பள்ளிக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போவார். பிள்ளைகள் வரக் கூடாது. ரயில்வே கேட்டில் நிறுத்துவார், ரோட்டைத் தாண்ட வைப்பார், ஆறாம் வகுப்பு பெஞ்சில் உட்கார வைப்பார். "பிள்ளைக்குப் பயம் வாரது அம்மா மொகத்தப் பாத்துதான் தம்பி. அம்மா ஒருக்கப் போய் வந்துட்டா, பிள்ள பாதி போய் வந்த மாரி" என்பார். என்னை அப்போதெல்லாம் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

கடைசியாகக் கக்கூஸுக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஒவ்வொரு அம்மாவையும் உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்க்கச் சொல்வார். பல வருஷம் அந்தக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இருந்ததில்லை. இருந்தால் இருக்கிறது என்று சொல்வார். இல்லையென்றால், எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளைக்குக் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அங்கேயே அம்மாக்களைச் சோடி சேர்த்துவிடுவார். அந்தப் பள்ளி ஹெச்.எம்.மிடம் தாழ்ப்பாள் கேட்டுப் போனபோது, "ஒங்க ஸ்கூலப் பாருங்க டீச்சர்" என்று சிரித்திருக்கிறார். ஒரு வருஷம் இவரே கடையில் கொக்கி வாங்கிக்கொண்டு போய்க் கல்லால் அடித்து மாட்டினார். அடுத்த வருஷம் அதைக் காணோம்.

இனி நான் சொல்ல வேண்டியது. எண்பதுகளின் ஆரம்பம். அந்த மே மாதம் டீச்சரின் மகளுக்குத் திருநெல்வேலியில் பிரசவம். போவதற்கு முன் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்து, "இந்த வருசம் நீங்க கூட்டிட்டுப் போங்க தம்பி, எல்லாம் எழுதியிருக்கேன்" என்றார். கேட்டிலிருந்து ஒவ்வொன்றாக வரிசையாக எழுதியிருந்தார். கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தார்: 'கக்கூஸ். உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லவும். விட்டுவிட வேண்டாம்.'

ஒன்பது அம்மாக்கள் வந்தார்கள். அதில் சுப்புத்தாய் என்று ஒருத்தி. பேண்டேஜ் தறியில் வேலை. அவள் மகள் பேச்சியம்மாள் கணக்கில் புலி. தகப்பன்காரன் அனுப்ப மாட்டேன் என்று நின்றதில், இவள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து சம்மதிக்க வைத்திருந்தாள். அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பெஞ்சில் உட்காரவைத்து வருகைப் பதிவு எடுத்தேன். "உள்ளேன் ஐயா" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பிறகு கட்டடத்தின் பின்பக்கம் போக வேண்டும். ஒன்பது பெண்கள், நான் ஒரு ஆம்பிளை. வேப்பமரத்தடியில் பியூன் பீடி குடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கூச்சமாகிவிட்டது. இதைப் போய் எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று, பாதி வழியில் திரும்பிவிட்டேன். சுப்புத்தாய் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"பிள்ளைக ஒதுங்கதுக்கு எடம் இருக்கா சார்?"

"இருக்கும்மா. அந்தப் பக்கம்."

"நல்லாருக்கா சார்?"

"நல்லாருக்கு" என்றேன். நான் அதைப் பார்த்ததே இல்லை.

ஜூன் மாதம் பேச்சி சேர்ந்தாள். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், அவள் உள்ளே இருக்கும்போது கதவு திறந்துகொண்டது. திறந்துவிட்டார்களோ, தானாகத் திறந்ததோ தெரியாது. வெளியே நின்ற பையன்கள் சிரித்தார்கள். பிள்ளை பையைக்கூட எடுக்காமல் மத்தியான வெயிலில் தனியாக ரோட்டையும் கேட்டையும் தாண்டி வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். மறுநாள் போக மாட்டேன் என்று அழுதாள். இதற்காகவே காத்திருந்த தகப்பன், அடுத்த வாரமே தறியில் உட்கார வைத்துவிட்டான்.

சுப்புத்தாய் எங்கள் பள்ளிக்கு வந்தாள். டீச்சர் திருநெல்வேலியிலிருந்து வந்துவிட்டிருந்தார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அவள் என்னைத் திட்டவில்லை.

"சார் நல்லாருக்குன்னு சொன்னாவ டீச்சர். அத நம்பி நானே கண்ணால பாத்தேன்னு எம்புருசங்கிட்டயும் பிள்ளகிட்டயும் சொல்லிட்டேன். இப்பப் பாக்கலன்னு சொன்னா அந்த மனுசன் என்னக் கொன்னே போடுவாரு" என்றாள்.

அவள் போன பிறகு டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க உள்ள போய்ப் பாத்தியளா?"

"இல்ல டீச்சர்."

"அவியளையாவது கூட்டிட்டுப் போனியளா?"

"கூச்சமா இருந்துச்சு டீச்சர்."

"உங்க கூச்சத்துக்கு ஒரு பிள்ள படிப்பா சார்?" என்றார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னைச் சார் என்றார். அதன் பிறகு தம்பி என்று ஒரு நாளும் கூப்பிடவில்லை.

அந்த வருஷம் முழுக்க அவர் சுப்புத்தாய் வீட்டுக்கு நடந்தார். காப்பி கொடுக்கவும் ஆள் இல்லை. தகப்பன்காரன் வாசலிலேயே நிறுத்தி, "உங்க பேச்ச ஒருக்கக் கேட்டது போதும்" என்று அனுப்பிவிட்டான். பொறுப்பு என்னுடையது என்று நான் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. இன்னொரு ஆம்பிளை முகத்தில் விழித்து, கக்கூஸைக் காட்டாமல் விட்டேன் என்று சொல்ல எனக்கு அப்போதும் கூச்சம்தான்.

பிறகு அவர் ஓய்வு பெறும்வரை பக்கத்துப் பக்கத்து வகுப்பில் வேலை பார்த்தோம். வேலையில் ஒரு குறை வைக்க மாட்டார். சாக்பீஸ் கேட்டால் கொடுப்பார். அம்மாக்களை மட்டும் என்னிடம் அனுப்பியதே இல்லை. ஒரு நாள் பஸ்ஸில் கூட்டம் இல்லை. துணிந்து அவர் சீட்டருகே போய் நின்று, "டீச்சர், அந்தப் பேச்சி விசயத்துல நான் செஞ்சது தப்புதான், மன்னிச்சிருங்க" என்றேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? பேச்சி வீடு தெரியும்லா?"

தெரியும். வாரம் ஒரு தடவையாவது அந்தத் தெரு வழியாகப் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

கல்யாண வீட்டிலிருந்து நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது, முப்பது வயதை நெருங்கிய பெண் ஒருத்தி கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். அம்மாவின் முகம் அப்படியே இருந்தது. தயங்காமல் போய்விட்டேன். இத்தனை வருஷம் கழித்து எங்கிருந்து தைரியம் வந்தது என்று கேட்காதீர்கள். டீச்சர் இல்லை என்கிற தைரியமாகவும் இருக்கலாம்.

"நீ சுப்புத்தாய் மக பேச்சிதான?"

"ஆமா. நீங்க யாரு? அடையாளம் தெரியலயே."

சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப எங்கம்மா பாக்கவே இல்லியா?"

"இல்லம்மா. நான்தான் நல்லாருக்குன்னு சொன்னேன்."

"நான் கேட்டுக் கேட்டுத்தான் சார் போனேன். எம்மா, நெசமாப் பாத்தியான்னு கேட்டேன். பாத்தேன்னு எந்தலையில அடிச்சு சத்தியம் பண்ணுச்சு. படிப்பு போனதுகூடப் பொறவு மறந்து போச்சு. பெத்த தாயி தெரிஞ்சே அனுப்புச்சேன்னுதான் ஆறல. கல்யாணத்துக்குப் பொறவு அம்மாகூட நான் மொகங் குடுத்துப் பேசுனதே இல்ல. ரெண்டு வருசத்துக்கு முன்னால அது போயிருச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அது இருக்கையில வந்து சொல்லியிருக்கலாம்ல சார்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போய்விட்டாள்.

தாயும் மகளும் இப்படிப் பேசாமல் போனது டீச்சருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எனக்குப் பதிலாக அவர் போய்ச் சொல்லியிருக்க மாட்டார். அதற்கு உரிய ஆள் நான்தான் என்று, அந்த ஒரு வார்த்தைக்காகப் பதினைந்து வருஷம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதைக் கோபம் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டு காலத்தை ஓட்டிவிட்டேன்.

இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். நான் மேடை ஏறவில்லை. அவர் எல்லோரையும் மன்னித்தவர் என்று அங்கே சொன்னவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். என்னை அவர் மன்னிக்கவில்லை. அது சரியான தீர்ப்பு. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான், நான் சாகிறவரைக்கும் அது என்னிடம் இருக்கும்.