உதிர்ந்த முடிக்கும் ஒரு பை

கூக்காலிலிருந்து கொடைக்கானல் வரும் காலைப் பேருந்தில் ஒருநாள் பூண்டு மூட்டையோடு ஓர் அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். வெயிலும் பனியும் பட்டுக் கறுத்த முகம். கொண்டையை அவிழ்த்ததும் கூந்தல் மடி நிறைய விழுந்தது.

நான் வேலைக்குப் போகும் அவசரத்தில் ஈரத்தலையை உச்சியிலிருந்து வெடுக் வெடுக்கென்று இழுத்துச் சீவிக்கொண்டிருந்தேன். சீப்பில் முடி கொத்தாக வந்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். பேசாமல் வெட்டிவிடலாமா என்றுகூட யோசித்திருந்தேன்.

“ஈரத்துல சீப்பப் போடாதம்மா, அறுந்துரும். காயவிட்டு, நுனியில சிக்கெடுத்துட்டுப் பெறகு மேல போ” என்றார் அவர்.

“நீங்க ஒரு நாளைக்கு எத்தன தடவ சீவுவீங்க?”

“ஒரு தடவதான். நாள் முழுக்கச் சீவிக்கிட்டுக் கெடந்தா சோலிய யாரு பாக்குறது?”

அகலப் பல் மரச்சீப்பால் நுனியைச் சீவி, நடுவைச் சீவி, கடைசியில்தான் உச்சிக்குப் போனார். பேருந்து பூம்பாறை தாண்டியும் முடியவில்லை. உதிர்ந்த முடியை விரலில் சுற்றி ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார்.

“எவ்வளவு அழகான முடி” என்றேன். பொறாமைதான்.

“என்னுது இல்லம்மா. பழனிக்கு நேந்துக்கிட்டது. தைப்பூசத்துக்கு மொட்ட போடணும். அதுவரைக்கும் பாத்துக்கிறேன்.”

“பையில இருக்கிறது?”

“அதுவும் முருகனுதுதானே.”

என்ன வேண்டுதல் என்று அவர் சொல்லவில்லை.

இப்போது நானும் தலையைக் காயவிட்டு, நுனியிலிருந்துதான் சீவுகிறேன். என்னுடைய முடி என்பதாலோ என்னவோ, அவருடைய பொறுமை மட்டும் எனக்கு வரவில்லை.