எமெட் போட்ட மார்க்

எமெட் சோப்சாக்குக்கு வீடு என்று ஒன்று இருந்தது. அதில் அவர் வாழ்ந்தார் என்று சொல்வதற்கில்லை. கெல்டன் நகரத் தீயணைப்பு நிலையத்தில் ஒரு நாள் முழுக்க வேலை, அப்புறம் இரண்டு நாள் ஓய்வு; முப்பத்தொரு வருஷமாக அப்படித்தான். மற்றவர்கள் அந்த இரண்டு நாளுக்காகவே வேலை பார்த்தார்கள். எமெட் அதை எப்படியோ தள்ளிவிட்டு, மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கெல்லாம் நிலையத்து வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். ஷிஃப்ட் மாறுவது என்னவோ எட்டு மணிக்குத்தான்.

மனைவி ஜெனீன் பதினான்கு வருஷத்துக்கு முன்பே விவாகரத்து வாங்கிக்கொண்டு அரிசோனாவுக்குப் போய்விட்டாள். யார் மேல் தப்பு என்று இரண்டு பேருக்குமே சரியாகத் தெரியாது. பிள்ளை குட்டி இல்லை. ஓய்வு நாளில் கடைக்குப் போய்ப் பன்றிக்கறி வாங்குவார். எங்கள் ஊர்க் கடைகளில் இரண்டு துண்டுக்குக் குறைந்து பொட்டலம் கட்டுவதில்லை. ஒன்றை அன்றைக்குச் சாப்பிடுவார், இன்னொன்றை மறுநாள். அந்த இரண்டு நாளில் அவர் வாய் திறந்து பேசுவது கல்லாவில் நிற்கும் பெண்ணிடம் மட்டும்தான். அதுவும் பை வேண்டாம் என்று சொல்வதற்கு.

நிலையத்தில் கதையே வேறு. மீட்பு வண்டிக்கு நாலு பேர்: கேப்டன் ரோண்டா டிபெட்ஸ், வண்டி ஓட்டும் விக், ஆறடி மூன்றங்குல டர்னெல், எமெட். ஆளுக்கொரு நாள் சமையல். எமெட் முறை வந்தால் முட்டைக்கோஸ் இலையில் கறியைப் பொதிந்து வேகவைப்பார், அவர் வீட்டுப் போலந்துக்காரர்களின் பழக்கம்.

"பெருசு, போன வாரம் நீங்க போட்டதே இன்னும் வயித்துல அப்படியே கெடக்கு," என்பான் டர்னெல், மூன்றாவது உருண்டையை எடுத்தபடி.

"அப்போ அதை வையி. விக் சாப்பிடட்டும்."

"சேச்சே, வயித்துல இருக்கறதுக்குத் துணை வேணாமா?"

இந்தப் பேச்சுக்காகத்தான் எமெட் உயிரோடு இருந்தார். மிகைப்படுத்தவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் ஏணி சறுக்கியதில் அவருக்கு இடது தோளில் தசைநார் கிழிந்துபோயிற்று. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டச் சொல்லியிருப்பார்கள். ரோண்டா அவரைப் பம்பில் போட்டாள். நசுங்கிய காரைப் பிளந்து ஆளை எடுக்கிற இரும்பு இடுக்கி தானாக வேலை செய்யாது. கீழே தரையில் பெட்ரோலில் ஓடும் ஒரு பம்பு, அதிலிருந்து இடுக்கிக்கு ஒரு குழாய். பம்பின் கயிற்றைச் சுண்டி இழுத்து ஓடவைத்து, அழுத்தம் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும். இடுக்கியைப் பிடிப்பது டர்னெல், பம்பு எமெட். பம்பு இருக்கும்வரை வண்டியில் எமெட்டுக்கு இடம் இருக்கும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

அந்தப் பம்புக்கு வயது இருபதைத் தாண்டியதும் நகரசபை ஒருவழியாகப் புதிய கருவி வாங்க ஒத்துக்கொண்டது. எங்கள் ஊரில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கருவியைக் கையில் பிடிக்கப் போகிறவர்களே சோதித்துப் பார்த்து மார்க் போட வேண்டும். மூன்று பேர் போடுவார்கள், இரண்டு பேர் எதற்குச் சாய்கிறார்களோ அதுதான் வாங்கப்படும். ரோண்டா, டர்னெல், எமெட் மூன்று பேரும் ஏப்ரலில் ஒருநாள் பழைய இரும்புக் கிடங்குக்குப் போனார்கள். இரண்டு கம்பெனிக்காரர்கள், ஒரே மாதிரி இரண்டு ஓட்டைக் கார். ஒருவர் கொண்டுவந்தது புதுப் பம்பு, புதுக் குழாய். மற்றவர் கொண்டுவந்தது பேட்டரியில் ஓடும் இடுக்கி. அதற்குப் பம்பும் இல்லை, குழாயும் இல்லை. பொத்தானை அழுத்தினால் போதும்.

பம்பு வகை காரின் கதவைப் பெயர்க்க மூன்று நிமிஷம் நாற்பது விநாடி ஆயிற்று. பேட்டரி வகைக்கு ஒரு நிமிஷம் ஐம்பது.

டயர்க் குவியலுக்குப் பின்னால் ரோண்டா எமெட்டைத் தனியே அழைத்துப் போனாள்.

"நான் பம்புக்குத்தான் மார்க் போட்டிருக்கேன்," என்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா கேப்டன்? கண்ணு முன்னாடி ரெண்டு நிமிஷம் வித்தியாசம்."

"நகரசபைக்காரனுங்கள எனக்குத் தெரியும். பம்பே இல்ல, பம்பு பாக்க ஆள் எதுக்கும்பானுங்க. நாலாவது சீட்டத் தூக்கிருவானுங்க. நீ எங்க போவே? கடை கடையா ஏறி எறங்கி செவத்துல தொங்குற தீயணைப்பானை எண்ணிக்கிட்டு இருப்பே."

"டர்னெல் எதுக்குப் போட்டான்?"

"பேட்டரிக்கு. சின்னப் பய, அவனுக்கு இதெல்லாம் உறைக்காது. நீ பம்புக்குப் போடு, முடிஞ்சுது. புதுப் பம்பும் நல்ல பம்புதான் எமெட். அதனால யாரும் சாகப் போறதில்ல."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். எமெட்டுக்கு ஏரிக்கரைச் சாலை ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், ஜனவரி. கம்பத்தில் மோதி மடங்கிய காருக்குள் ஒரு நர்ஸ், வேலைக்குக் கிளம்பியவள். குளிரில் பம்பு உறைந்துபோயிருந்தது. எமெட் கயிற்றை இழுத்தார், இழுத்தார். உடைந்த கண்ணாடி வழியாக அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஸ்டார்ட் ஆகலையா?" என்று கேட்டாள், பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக் கேட்பதுபோல. பன்னிரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. உயிர் பிழைத்தாள், வலது கால் போயிற்று. எப்படியும் போயிருக்கும் என்றுதான் டாக்டர் சொன்னார். பன்னிரண்டு என்ற கணக்கை எமெட் யாரிடமும் சொன்னதில்லை.

அதை இப்போது ரோண்டாவிடம் சொன்னார்.

அவள் ஒரு டயரைக் காலால் உதைத்தாள். "அது குளிரு. நீ என்ன பண்ணுவே?"

"ஒண்ணும் பண்ண முடியாதுதான். இப்போ பண்ணலாம்ல?"

நசுங்கிய காரின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுதினார். பம்புக்கு அறுபத்தொன்று. பேட்டரிக்குத் தொண்ணூற்று நாலு. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நிச்சயம் பம்புக்குத்தான் போட்டிருப்பேன், ஒரு நியாயமும் கற்பித்துக்கொண்டிருப்பேன். மனுஷன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

டர்னெல் எட்டிப் பார்த்தான். "தொண்ணூத்தி நாலா! என் சமையலுக்கு ஒருநாள் இப்படி வாரி வழங்கியிருப்பீங்களா பெருசு?"

"உன் சமையல்ல எவனும் உயிர் பொழைக்கலையேடா."

ஜூனில் நகரசபை ஒப்புதல் கொடுத்தது, செப்டம்பரில் கருவி வந்து இறங்கியது, அக்டோபரில் எமெட்டுக்குக் கடிதம் வந்தது. தோள் காயத்தைக் கருத்தில் கொண்டு, கடைகளின் தீயணைப்பான்களைச் சரிபார்க்கும் ஆய்வுப் பிரிவுக்கு மாற்றம். ரோண்டாதான் கொண்டுவந்து கொடுத்தாள். சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நகர அலுவலகத்தின் நிலவறையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. காலை எட்டு முதல் மாலை நாலு வரை. எல்லாச் சாயங்காலமும் வீடு. முன்பு இரண்டு நாளைத் தள்ளினால் மூன்றாம் நாள் வரும். இப்போது மூன்றாம் நாள் என்று ஒன்று இல்லை. தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு அடுத்த அறையில் போய் உட்காருவார், யாரோ பேசிக்கொண்டிருப்பதுபோல இருக்கட்டும் என்று. தனிமை அவருக்குப் புதிதல்ல. ஆனால் அதுவரை அதற்கு ஒரு கரை இருந்தது.

ஜனவரியில் ஒருநாள் அவர் ஆய்வுப் பட்டியலில் தீயணைப்பு நிலையத்தின் பெயரே வந்தது. அங்கேயும் சுவரில் தீயணைப்பான் தொங்குகிறதே, அதையும் ஒருவர் பார்த்தாக வேண்டும். பதினொன்றரைக்குப் போனார். பார்த்து முடிக்கப் பத்து நிமிஷம் போதும். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தார்.

"பெருசு, சாப்பிடாம போனீங்கன்னா வண்டிச் சாவியப் புடுங்கிருவேன்," என்றான் டர்னெல். விக் நாற்காலியை இழுத்துப் போட்டான். ரோண்டா அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். எமெட் உட்கார்ந்தார்.

டர்னெல் பீன்ஸும் மாட்டுக்கறியும் போட்டுக் காரமாகக் குழம்பு வைத்திருந்தான். முதல் தட்டை எமெட்டிடம் நீட்டினான். அந்த நிலையத்தில் முதல் தட்டு வெளியாளுக்கு. பாதிரியார் வந்தாலும் சரி, தபால்காரர் வந்தாலும் சரி, அவர்களுக்குப் பரிமாறிய பிறகுதான் ஷிஃப்டில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எத்தனையோ பேருக்கு எமெட்டே அப்படித் தட்டு நீட்டியிருக்கிறார். ஒரு நொடி தயங்கி, வாங்கிக்கொண்டார்.

பாத்திரம் கழுவுவது யார் என்பதற்கு அங்கே சீட்டுக்கட்டை எடுப்பார்கள். குறைந்த எண் சீட்டு வந்தவர் கழுவ வேண்டும். சாப்பாட்டுக்கு நடுவிலேயே விக் கட்டைக் கலைத்து ஆளுக்கொன்று போட்டான். எமெட்டைத் தாண்டிப் போனான்.

"எனக்கு?" என்றார் எமெட்.

"வந்தவங்கள கழுவ விடுவோமா?" என்றான் டர்னெல் சிரித்தபடி. மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் வலித்தது.

சீட்டைத் திருப்புவதற்குள் மணி அடித்தது. ஏரிக்கரைச் சாலையில் விபத்து, காருக்குள் ஆள் சிக்கியிருக்கிறார். மூன்று நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. எமெட்டும் எழுந்துவிட்டார், பழக்க தோஷம். பிறகு எங்கே போவது என்று தெரியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டியின் சத்தம் தேய்ந்து மறைந்தது.

சமையலறைச் சுவரில் இருந்த வயர்லெஸ் ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டது. வண்டி போய்ச் சேர்ந்தது. டர்னெல் மூச்சு வாங்கியபடி ஏதோ கத்தினான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, ரோண்டாவின் குரல் வந்தது: "ஆளை எடுத்தாச்சு. பேசுறாரு."

எமெட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷம்தான், பொய் இல்லை. அந்த மார்க்கை மறுபடி போடச் சொன்னாலும் அதையேதான் போடுவார்.

பாதி தின்ற மூன்று தட்டுகளையும் அலுமினியத் தாளால் மூடி அடுப்பில் சூடாக இருக்க வைத்தார். சட்டியையும் கரண்டிகளையும் கழுவித் துடைத்து அவற்றின் இடத்தில் மாட்டினார். கடைசியாகத் தன் தட்டைக் கழுவினார். அவர்கள் வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று அவசரமாகக் கோட்டை மாட்டிக்கொண்டார். இருந்தால் நன்றி சொல்வார்கள். முப்பத்தொரு வருஷத்தில் அந்த மேஜையில் யாரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை; வீட்டு ஆளுக்கு யார் நன்றி சொல்வார்கள்?