தப்பு போட்டது பூச்சி, அடி வாங்கியது நான்

செய்யாத குறும்புக்கு இன்று அடி வாங்கினேன். செய்ததற்கு வாங்கியிருந்தால் இங்கே வந்து புலம்புவேனா?

எங்கள் திருவொற்றியூரில் சாலையை அகலப்படுத்த இடிக்கப்போகிற வீடுகளுக்குப் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். காலையில் பக்கத்து வீட்டு பிலோ ஆன்ட்டி கண்ணாடி போடாமல் கதவைத் திறந்தார். ஜன்னலோரம் வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி!

அலறிக்கொண்டே அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, வூடே பூடுச்சோன்னு உசுரு நின்னுபோச்சு. உம் புள்ள சாக்பீஸ்ல கோடு போட்டு வெளாடிகினு கீறான்!"

"ஆன்ட்டி, அது சிலந்தி! வலைக்கு நடுவுல அப்படித்தான் குறி மாதிரி பின்னிக்கினு குந்தும்."

நைனா முறைத்தார். "இன்னாடா, எனக்கே பூச்சி காட்றியா?"

"ஆமா நைனா, வா, காட்றேன்!"

உண்மையைத்தான் சொன்னேன். முதுகில் பொளேர் என்று விழுந்தது.

விடாமல் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போனேன். வலையைத்தான் ஆன்ட்டி துடைத்துவிட்டாரே! ஜன்னல் கம்பியில் சிலந்தி மட்டும் காலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இத்தினிக்கோண்டு பூச்சி கோடு போடுதாம். யாராண்ட கதை வுடுற?" என்றார் ஆன்ட்டி.

அது இன்று ராத்திரியே மறுபடியும் வலை கட்டிவிடும். விடிந்தால் அதே இடத்தில் அதே குறி, அதே முதுகு.

எனவே தோஸ்துகளே, இன்றைக்கு என்னை உங்கள் வீட்டில் படுக்கவைத்து, காலையில் வந்து "பையன் எங்க வூட்லதான் இருந்தான்" என்று சாட்சி சொல்ல யார் ரெடி?