சித்தி தைத்துக் கொடுத்த மூடிகள்

என் சித்தி மெத்தை உறையும் திரைச்சீலையும் தைப்பவர். எங்கே இடுக்கைக் கண்டாலும் அவருக்குக் கை பரபரக்கும். துணி வைத்து அடைத்தால்தான் நிம்மதி.

"விட்டா என் வாயையும் தைச்சிடுவா" என்பார் சித்தப்பா.

"அதுக்கு நூல் பத்தாதுங்க."

அவர்களிடம் படுக்கையும் அடுப்பும் வைத்த ஒரு பழைய கேரவன் வண்டி உண்டு. வருடத்துக்கு ஒருமுறை அதைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு பத்து நாள் சுற்றுவார்கள். கிளம்புமுன் சித்தப்பா சக்கர நட்டுகளை முறுக்கிப் பார்ப்பார், டயர் வெடிப்பைத் தேடுவார், பின்விளக்கு எரிகிறதா என்று கவனிப்பார். எல்லாம் வெளியேதான். உள்ளே சித்தியின் ராஜ்ஜியம். அங்கே அவர் குனிந்துகூடப் பார்ப்பதில்லை.

பள்ளி முடித்துவிட்டு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் இருந்ததால் இந்த முறை நானும் போனேன். ஏரிக்கரையில் இரண்டாம் நாள் காலை. தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து கேரவன் கதவைத் திறந்தேன். குப்பென்று கேஸ் நாற்றம். அடுப்பின் முன் சித்தி, கையில் லைட்டர்.

"சித்தி, பத்த வைக்காதீங்க!"

"ஏண்டி கத்துற? டீ வேணாமா?"

"கேஸ் நாறுது!"

"எனக்கு ஒண்ணும் தெரியலியே." இரண்டு நாளாக அவருக்கு ஜலதோஷம். "இரு, ஃபேனைப் போடுறேன்."

"சுவிட்சைத் தொடாத! வெளிய வா!" சித்தப்பா வெளியிலிருந்து அலறினார். நான் சித்தியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். சித்தப்பா வெளிப்பெட்டியில் இருந்த சிலிண்டரை மூடினார். கதவையும் ஜன்னல்களையும் திறந்துபோட்டு அரைமணி நேரம் தள்ளியே நின்றோம். 

அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாய் மடிந்த இடத்தில் வெடித்திருந்தது. அதை வருடாவருடம் பார்த்து மாற்றியிருக்க வேண்டும். அப்படியே கசிந்தாலும், கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோரம்தான் தேங்கும். அது வெளியேறத் தரையில் துளை வைத்திருப்பார்கள். சித்தப்பா தரையில் குப்புறப் படுத்துத் தேடினார்.

"இங்க ஒரு ஓட்டை இருக்குமே, எங்க?"

துளை இருந்த இடத்தில் உள்ளங்கை அளவு மெத்தை. பச்சைத் துணி, ஓரத்தில் சுற்றிலும் அழகான தையல். ஊசிகூட நுழையாத கச்சிதம்.

"குளிர்காத்து வந்துச்சுங்க..." என்றார் சித்தி.

சித்தப்பா அதைப் பிய்த்தெடுத்து வெளியே வீசினார்.  சித்தி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லா இருக்குன்னு கேட்டாங்கன்னு இன்னும் மூணு கேரவனுக்குத் தைச்சுக் கொடுத்திருக்கேன்."

சித்தி வரிசையாக மூவருக்கும் போன் போட்டார். இரண்டு பேர் உடனே போனை எடுத்தார்கள். "இப்பவே பிடுங்கி எறிங்க, காரணம் அப்புறம் சொல்றேன்" என்று சித்தி கெஞ்சினார். மூன்றாவது, கைக்குழந்தை வைத்திருந்த ஒரு அம்மா. சிக்னல் கிடைக்கவில்லை. அவர்களும் இதே ஏரியின் மறுகரையில்தான் தங்கியிருந்தார்கள். கேரவனைக் கழற்றிவிட்டுக் காரில் பறந்தோம்.

அந்த அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "வாங்கக்கா. உங்க கை வச்சா தங்கம். துளி குளிர் இல்ல. அடுப்பை எரியவிட்டா உள்ளயே கதகதன்னு இருக்கு. தலைவலிதான் தாங்கல. புள்ளையும் எழுந்திருக்கவே மாட்டேங்கிறான்."

துளையும் அடைபட்டு, காற்று வர வழியில்லாத அறையில் எரியும் அடுப்பு, வாசனையே இல்லாத விஷவாயுவைக் கக்கும். சித்தப்பா அந்த அம்மாவைக் கீழே இறக்கிவிட்டு அடுப்பை அணைத்தார். சித்தி குழந்தையை வாரிக்கொண்டு வெளியே ஓடினார். அதன் தலை துவண்டு தொங்கியது. முதுகைத் தடவித் தடவிக் கூப்பிட்டார். எத்தனை நேரமோ, எனக்குத் தெரியாது. பிறகு அது வாந்தி எடுத்தது. வீறிட்டு அழுதது. இருவரையும் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மாலையில் மருத்துவர் ஆபத்தில்லை என்று சொன்னதும் சித்தி அந்த அம்மாவிடம் போனார். "அடைக்கக் கூடாத இடத்தை அடைச்சுட்டேன். தப்பு என்னோடது."

அந்த அம்மா குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நின்றார்.

சித்தி இப்போதும் கேரவன் மெத்தைகள் தைக்கிறார். அளவெடுக்கும் முன் தரையில் படுத்துத் துளைகளை எண்ணி, உரிமையாளரையே தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். அந்த அம்மாவின் வீட்டுத் திரைச்சீலைகளை மட்டும் இப்போது வேறு யாரோ தைக்கிறார்கள்.