எட்டாவது பெயர்

காரைக்காலில் நவம்பர் பதினொன்றாம் தேதி மழை பெய்யாத வருஷம் எனக்கு நினைவில்லை. முதல் உலகப் போர் முடிந்த நாள் என்று பிரெஞ்சுக்காரன் அதைக் கும்பிட்டுப் பழக்கிவிட்டுப் போனான். நமக்கு அது ஐப்பசி அடைமழைக் காலம். கடற்கரைச் சாலையோரத்து நினைவுத் தோட்டத்தில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய கிழவர்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு நனைந்தபடி நிற்பார்கள். சொல்தா என்று ஊரில் அவர்களுக்குப் பெயர். சிப்பாயைப் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்கள்.

புயலில் அழிந்த அந்தத் தோட்டத்தை மறுபடி உண்டாக்கியவர் வரிச்சிக்குடி பஞ்சநாதன். 1986இல் அவர் இறந்தபோது சொல்தா சங்கத்திலிருந்து ஒரு முழம் பூ வரவில்லை. சுடுகாடு வரை வந்தவர்கள் எண்ணி ஏழு பேர். அதில் நானும் ஒருவன். கோபத்தில் எழுதுகிறேன் என்று யாராவது சொன்னால், ஆமாம், கோபத்தில்தான் எழுதுகிறேன்.

நான் யாரென்றால், கோர்ட்டுக்கு எதிரே ஒரு தட்டச்சு எந்திரத்தை வைத்துக்கொண்டு சொல்தாக்களுக்குப் பிரெஞ்சில் மனு எழுதிக் கொடுத்தவன். ரைட்டர் என்பார்கள். அவர்களுடைய பட்டாளத்து வாழ்க்கை முழுவதும் என் பெட்டியில் காகிதமாகக் கிடந்தது. பஞ்சநாதனின் காகிதம் மட்டும் மெலிசு. மனைவி சாரதாம்பாள் 71இல் போய்விட்டாள். பிள்ளை இல்லை. கேட்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லாததால் மனுவும் இல்லை. ஆனாலும் வாரம் ஒருமுறை சைக்கிளில் வந்து என் எதிரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார். பேச மாட்டார். நான்கு பேர் தட்டச்சுச் சத்தத்தோடு சண்டை போடும் இடத்தில் ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருக்க ஆசைப்பட்டு வருகிறார் என்றால், அவர் வீடு எவ்வளவு சத்தமில்லாமல் இருந்திருக்கும் என்று எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

77ஆம் வருஷம் பதினொன்றாம் தேதி கிழவர்கள் வழக்கம்போல நின்று கலைந்தார்கள். மறுநாளே புயல் அடித்தது. அதில் எத்தனையோ போயிற்று. ஒரு கல்தூண் போனதைப் பற்றி அழ அப்போது யாருக்கும் நேரமில்லை. தோட்டத்துத் தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து தூணின் மேலேயே விழுந்தது. பெயர் வெட்டிய பலகை இரண்டாகப் பிளந்தது. கடல் உள்ளே வந்து போனதில் தரையெல்லாம் உப்பு. ஒரு வருஷத்தில் கருவேல முள் மண்டி, ஆடு மேய்கிற இடமாகிவிட்டது.

79 பொங்கல் கழித்து சொல்தா சங்கம் கூடியது. தலைவர் தெட்சிணாமூர்த்தி பட்டாளத்தில் பெரிய பதவியில் இருந்தவர். வீட்டில் பேரனைக் கூப்பிட்டாலும் அணிவகுப்பில் கூப்பிடுவதுபோலத்தான் கூப்பிடுவார். "நம்ம தோட்டம், நம்ம கையாலயே சீர் பண்றோம். ஞாயித்துக்கிழமை எல்லாரும் மம்பட்டியோட வந்து நிக்கணும்" என்றார். முதல் ஞாயிறு முப்பத்திரண்டு பேர் வந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். இரண்டாவது ஞாயிறு பதினெட்டு. மூன்றாவது வாரம் ஒருவருக்கு இடுப்பு, ஒருவருக்கு மச்சினன் வீட்டுக் கல்யாணம். ஆரம்ப சூரத்தனம் நம் ஊருக்குப் புதிதா என்ன? சித்திரை வெயில் வந்தபோது மிஞ்சியவர்கள் இருவர்: பஞ்சநாதன், சைக்கிள் கடை ஹமீது. ஆடிக்குள் ஹமீதுக்கும் முழங்கால் வீங்கிவிட்டது.

அப்புறம் பஞ்சநாதன் ஒருவர்தான். முள்ளை வெட்டி எரித்தார். செடி வைத்தார், கருகியது. மறுபடி வைத்தார், மறுபடி கருகியது. உப்பு மண்ணில் தண்ணீர் ஊற்றினால் உப்புதான் மேலே வரும். கடைசியில் இரண்டடி ஆழத்துக்கு அந்த மண்ணையே தோண்டி வெளியே கொட்டிவிட்டு, அரசலாற்று வண்டலைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் கொண்டுவந்து நிரப்பினார். ஒரு நடைக்கு இரண்டு சாக்கு. எத்தனை நடை என்று கேட்டேன். "எண்ணல ரைட்டரே" என்றார். சுற்றிலும் செவ்வரளி, உள்ளே நந்தியாவட்டை. வலை காயப்போட வருகிறவர்கள், இந்தச் சொல்தாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. 80 ஆவணியில் பெயர்ப்பட்டியல் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது.

பழைய பலகையில் இருந்தவை முதல் போரில் செத்தவர்களின் பெயர்கள். பிற்பாடு பிரெஞ்சுக்காரனுக்காக வியட்நாம் சண்டைக்குப் போய்ச் செத்த நம் ஊர்ப் பையன்கள் ஒன்பது பேருக்குக் கல் கிடையாது. அவர்களுக்கும் சேர்த்து ஒரு புதுப் பலகை வெட்டி, 80 நவம்பரில் தோட்டத்தைத் திறப்பது என்று 79 கூட்டத்திலேயே சங்கம் தீர்மானித்திருந்தது. பட்டாளத்துப் பதிவேட்டிலிருந்து வந்த அந்த ஒன்பது பேரின் பட்டியலைக் கல்தச்சருக்கு நான்தான் தட்டச்சு செய்தேன். பஞ்சநாதன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, காகிதத்தில் எட்டாவது பெயரின் மேல் விரலை வைத்தார்.

"இது தப்பு."

கருப்பையன், கருக்களாச்சேரி என்று இருந்தது. எழுத்தில் பிழையில்லை என்றேன்.

"கருப்பையன் உசுரோட இருக்கான். இன்னிக்குக் காலைல கூட மீன் ஏலத்துல நின்னான். செத்தது அவன் தம்பி செல்லக்கண்ணு" என்றார்.

பஞ்சநாதன் ஒரே மூச்சில் இருபது வார்த்தை பேசி அன்றுதான் கேட்டேன். 49இல் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது இவருக்கு இருபத்திரண்டு வயது. செல்லக்கண்ணுக்குப் பதினாறு. அம்மா அஞ்சுகத்தோடு வரிச்சிக்குடிக்கு மீன்கூடை தூக்கி வந்து பழக்கமான பையன். மீனவன் வீட்டுப் பிள்ளை, ஆனால் படகில் ஏறினால் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பான். ஊரே சிரித்தது. "அண்ணே, என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று இவரையே சுற்றிச் சுற்றி வந்தான். பதினெட்டு நிறையாதவனை எடுக்க மாட்டார்கள். அதனால் அம்மாவின் தகரப் பெட்டியிலிருந்து அண்ணன் கருப்பையனின் பிறப்புச் சான்றை உருவிக்கொண்டு வந்தான். காகிதத்தில் இருக்கிற ஆள் இவன்தான் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். பஞ்சநாதன் சொன்னார். "இவன்தான் கருப்பையன். சின்ன வயசுலேந்து தெரியும்."

படகுக்குப் பயந்து ஓடியவன் இருபத்தைந்து நாள் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே போனான். 51இல், வரிச்சிக்குடி வயலைப் போலவே இருந்த ஒரு வயல் வரப்பில், இவருக்கு நாலடி தள்ளி விழுந்தான். மாலை அதிகாரி வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டார். கருப்பையன் என்றபோது, இறந்துவிட்டான் என்று பதில் சொன்னவரும் பஞ்சநாதன்தான்.

"கருப்பையன்ங்கிற பேருக்குச் சொல்ல முடிஞ்சுது ரைட்டரே. செல்லக்கண்ணுங்கிற பேருக்குச் சொல்ல முடியல."

54இல் ஊர் திரும்பியதும் நேராகக் கருக்களாச்சேரி போயிருக்கிறார். வாசலில் இவரைப் பார்த்த அஞ்சுகம், பின்னால் தெருவில் வேறு யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள்.

"நீ மட்டும் வந்திருக்கியே தம்பி?"

"கடுதாசி வந்திருக்குமேம்மா" என்றார் இவர்.

அவள் சிரித்தாள். "வந்துச்சு, வந்துச்சு. கருப்பையன் செத்துட்டானாம்! இந்தா ஒக்காந்து வலை பின்னுறானே, இவன் யாராம்? கைநாட்டு வைக்கச் சொல்லிக் காகிதம் நீட்டுனானுவ. உசுரோட இருக்கிற புள்ள தலைக்குக் காசு வாங்கவா? போங்கடான்னுட்டேன். சின்னவன் எப்ப வரானாம்?"

பஞ்சநாதன் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் எப்படியும் ஒருநாள் தெரிந்துவிடும் என்பார்கள். கருக்களாச்சேரியில் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது, கருப்பையனுக்கும்கூட. அவளிடம் சொல்லத்தான் ஒருவரும் இல்லை. எத்தனை பிள்ளை என்று கேட்டால், "ரெண்டு. பெரியவன் கடலுக்குப் போயிருக்கான், சின்னவன் சீமையில இருக்கான்" என்று இருபத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செல்லக்கண்ணு செத்துவிட்டான் என்று உலகத்தில் ஒரு காகிதமும் சொல்லவில்லை, ஒரு வாயும் சொல்லவில்லை. கல்லாவது சொல்லட்டும் என்றுதான் இந்த மனிதர் ஒன்றரை வருஷம் மண் சுமந்திருக்கிறார். கல்லில் அவன் பெயர் இருந்தால், கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டிவிடலாம், வாயைத் திறக்க வேண்டாம் என்று நினைத்தார். பாவி மனுஷன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

பெயரைத் திருத்தச் சொல்லிப் பட்டாளத்து அலுவலகத்துக்கு நான் மனு எழுதினேன். பதிவேட்டில் உள்ளதுதான் பெயர், மாற்ற வேண்டுமானால் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும் என்று பதில் வந்தது. தெட்சிணாமூர்த்தியிடம் போனோம். "பொய்ச் சாட்சி சொன்னேன்னு இப்ப வந்து சொல்றீங்களா? பெரிய ஆளுங்க வர்ற நேரத்துல சங்கத்துக்கே அசிங்கம். கல்லு வெட்டியாச்சு" என்றார். காக்கைக்கு எருதின் புண் எங்கே வலிக்கப்போகிறது? ஆனால் ஒன்று செய்தார். தோட்டம் பஞ்சநாதனின் கைவேலை என்பதால், அன்றைக்குப் பெயர் வாசிக்கும் மரியாதையை அவருக்கே கொடுத்தார்.

அக்டோபர் கடைசியில் பஞ்சநாதன் மறுபடி கருக்களாச்சேரிக்குப் போனார். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்றுதான் போனார். அஞ்சுகத்துக்கு எழுபது ஆகியிருந்தது, பார்வை மங்கல். குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து, "வாங்க தம்பி, எங்க என் சின்னவன்?" என்றாள். இவர், பதினொன்றாம் தேதி தோட்டம் திறக்கிறோம், கல்லில் கருப்பையன் பெயர் இருக்கிறது, வாருங்கள் என்று மட்டும் உளறினார். கிழவி எழுந்து நின்றுவிட்டாள்.

"எம்புள்ள பேரையா வெட்டுனீங்க? உசுரோட இருக்கிறவன் பேரைக் கல்லுல வெட்டுனா வெளங்குமாடா? வரேன். வந்து நானே சுரண்டிப் போடுறேன்."

அப்படித்தான் அவள் வந்தாள். மழை வழக்கம்போல இருந்தது. பந்தலில் பெரிய மனிதர்கள், வெளியே வரிசையில் சொல்தாக்கள், அரளி வேலி ஓரத்தில் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அஞ்சுகம். சடங்கு தொடங்கிவிட்டதால் கருப்பையன் அவளை அடக்கி வைத்திருந்தான். கல்லின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தார்கள், ஊதுகொம்பு ஊதினார்கள். பஞ்சநாதன் முன்னே வந்து காகிதத்தைப் பிரித்தார்.

பெயர் கூப்பிடுவதில் ஒரு முறை உண்டு. ஒருவர் இறந்தவரின் பெயரை வாசிப்பார். பிரான்சுக்காக உயிர் விட்டார் என்று வரிசை முழுவதும் பிரெஞ்சில் ஒரே குரலாகப் பதில் சொல்லும். பதில் வராமல் அடுத்த பெயருக்குப் போகக் கூடாது. கூப்பிட்ட பெயருக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்பது பட்டாளத்து வழக்கம்.

ஏழு பெயர் வாசித்தார். ஏழு முறை பதில் வந்தது. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கருக்களாச்சேரி செல்லக்கண்ணு."

பதில் இல்லை. கல்லில் இல்லாத பெயருக்கு யார் பதில் சொல்வார்கள்? சொல்தாக்கள் தலைவரின் முகத்தைப் பார்த்தார்கள். தலைவர் பந்தலைப் பார்த்தார். ஹமீது வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். நான் ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். பஞ்சநாதன் நிமிர்ந்து நின்று இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். அணிவகுப்புக் குரல் இல்லை அது. தெருவிலிருந்து ஒரு வீட்டுக்குள் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற குரல்.

"செல்லக்கண்ணு!"

அரளி வேலியோரத்திலிருந்து அஞ்சுகம் பதில் சொன்னாள். வாசலில் வந்து மகனைத் தேடுகிற அயலாருக்குச் சொல்வதுபோல, மெதுவாகத்தான் சொன்னாள்.

"அவன் இல்ல தம்பி. செத்துப்போயிட்டான்."

அவளுக்கு அது அந்த நிமிஷத்தில்தான் தெரிந்ததா, இருபத்தொன்பது வருஷமாகத் தெரிந்தே இருந்ததா, எனக்குத் தெரியாது. சொல்லி முடித்ததும் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். கருப்பையன் தலைத்துண்டை அவிழ்த்து அவள் தலையில் போட்டான். பஞ்சநாதன் ஒன்பதாவது பெயரைக் கூப்பிட்டார். பதில் வந்தது, கொஞ்சம் தடுமாறி.

கூட்டம் முடிந்ததும் தெட்சிணாமூர்த்தி அவரிடம் வந்து, "இனிமே சங்கத்துப் பக்கம் வராதீங்க பஞ்சநாதன்" என்றார். அஞ்சுகம் போகும்போது கல்லைச் சுரண்டவுமில்லை, பஞ்சநாதன் இருந்த பக்கம் திரும்பவுமில்லை. கருப்பையன் அவளைத் தூக்காத குறையாக நடத்திக்கொண்டு போனான்.

எல்லோரும் போன பிறகு பஞ்சநாதன் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், "பரவால்லண்ணே, அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிடுச்சு, உங்க பாரமும் எறங்கிடுச்சு" என்றேன். ஆறுதல் சொல்கிற ஆட்கள் எப்போதும் உளறத்தான் செய்வார்கள்.

அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"நான் சொல்ல வேண்டியது ரைட்டரே. கடைசில அதையும் பெத்தவ வாயாலயே சொல்ல வச்சுட்டேன்."

பிறகு மிதிபட்டுச் சாய்ந்திருந்த நந்தியாவட்டை ஒன்றை நிமிர்த்தி, அடியில் மண் அணைக்கக் குனிந்தார்.